ரசீது எண் 418

ஜூலை 18, சனி (ஆடி 2)

மானம் போகிற விஷயத்தை முதலில் எழுதிவிடுகிறேன். தள்ளிப் போட்டால் எழுத மாட்டேன். மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பிடித்த ரசீதைத் தொலைத்துவிட்டேன். தொலைத்து இரண்டு மாதம் ஆகிறது. செண்பகவல்லி கேட்கும்போதெல்லாம் "பேங்க் லாக்கர்ல நகையோட வச்சிருக்கேன்" என்று சொல்லி வருகிறேன். லாக்கர் சாவி அவளிடம்தான் இருக்கிறது. ஆனாலும் நம்புகிறாள். அல்லது நம்புகிற மாதிரி இருக்கிறாள். இருபத்தாறு வருஷமாக இதில் எது என்று எனக்குப் பிடிபடவில்லை.

வேறு யாராவது தொலைத்திருந்தால் பரவாயில்லை. நான் பார்க்கிற உத்தியோகம் அப்படி. சிவகாசியில் அச்சாகிற தினசரி காலண்டருக்குப் புரூஃப் பார்ப்பவன். ராகு காலம், எமகண்டம், சூலம், சந்திராஷ்டமம் எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் உங்கள் சுவருக்கு வருகின்றன. முப்பத்தாறு வருஷ சர்வீஸ். நான் டிக் போட்ட நேரத்தில் தாலி கட்டிய ஜோடிகளை வரிசையில் நிறுத்தினால் பக்கத்து ஊர் திருத்தங்கல் தாண்டும். அந்தத் திமிரில்தான் டைரியிலும் இரண்டு தேதியும் போடுகிறேன்.

இன்று ஜெனரேட்டர் பற்றிக் கேட்க மயில்தோகை மஹாலுக்குப் போனேன். மேனேஜர் வெயில்முத்து கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க அண்ணாச்சி. ஜெனரேட்டருக்கு என்ன அவசரம்? உங்க தேதி செப்டம்பர் பன்னெண்டுதான?"

"ஆகஸ்ட் இருபத்தேழுய்யா!"

நோட்டை எடுத்தார். அவர் நோட்டில் இங்கிலீஷ் மாதமே கிடையாது. முகூர்த்தம் தமிழ் மாதக் கணக்கில்தானே வருகிறது, அதனால் சித்திரை, வைகாசி என்றுதான் ஓடும். ஆவணி 11 என்ற வரியில் 'ரெத்தினத்தம்மாள், மகன் திருமணம்' என்று இருந்தது. ஆவணி 11 என்றால் ஆகஸ்ட் 27, என் மகளின் முகூர்த்தம். பதினாறு வரி கீழே ஆவணி 27. அங்கே 'காளிராஜன்' என்று என் பெயர்.

"அன்னைக்குச் சனிக்கிழமை. சனிக்கிழமை எவனாவது கல்யாணம் வைப்பானாய்யா?"

"நான் காதுகுத்தா இருக்கும்னு நெனச்சேன் அண்ணாச்சி."

"இருபத்திநாலு வயசுப் பொண்ணுக்கா?"

"உங்க வீட்டுல யாருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? ரசீதைக் கொண்டாங்க. அதுல எப்படி இருக்கோ அதுக்கு நான் கட்டுப்படுறேன்."

ரசீது! அவரிடம் உள்ள நகலைக் காட்டச் சொன்னேன். 418-ஆம் எண் நகல் வெள்ளையாக இருந்தது. கார்பனைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். "அன்னைக்கு எனக்குக் கண் ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள் அண்ணாச்சி, ஒரு கண்ணுல கட்டு..." என்று ஆரம்பித்தார். ஆஸ்பத்திரிக் கதை கேட்க நான் வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மே மாதம் நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆபீஸிலிருந்து வீட்டுக்குப் போகிற வழி. அடுத்த வருஷக் காலண்டர் புரூஃப் கட்டு ஒரு கையில், போன் ஒரு கையில். அட்வான்ஸைப் போனில் அனுப்பினேன். இருபத்தேழு என்று தெளிவாகச் சொன்னேன். அவர் நோட்டில் தப்பாக ஏற்றிவிட்டு, வேறு ஆள் வந்ததும் என் இடத்தைக் கொடுத்துவிட்டார். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

பத்திரிகை ஆயிரத்து இருநூறு அடித்தாகிவிட்டது. எங்கள் ஆபீஸிலேயே, என் புரூஃபில். நானூறு கொடுத்தும் ஆகிவிட்டது.

ஜூலை 19, ஞாயிறு (ஆடி 3)

செண்பகவல்லியிடம் சொல்லவில்லை. மத்தியானம் ஆட்டுக்கால் சூப். கவலையில் இறங்கவில்லை, இரண்டு கிண்ணம்தான் குடித்தேன்.

ஜூலை 20, திங்கள் (ஆடி 4)

ஒன்பது மண்டபத்துக்குப் போன் போட்டேன். ஆடி முழுக்கக் கல்யாணம் இல்லாமல் காய்ந்து கிடந்த ஊர், ஆவணி பிறந்ததும் வருகிற முதல் பெரிய முகூர்த்தத்தை விட்டு வைக்குமா? எட்டு மண்டபத்தில் இல்லை என்றார்கள். ஒன்பதாவதில் சிரித்தார்கள்.

மைத்துனன் தங்கப்பாண்டியை டீக்கடைக்கு வரச் சொன்னேன். இன்சூரன்ஸ் ஏஜெண்ட். எந்தத் துக்க வீட்டுக்குப் போனாலும் "பாலிசி இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் மாலை போடுவான்.

"அத்தான், இதை ரூபாய்லதான் அடிக்கணும். அட்வான்ஸை வட்டியோட வாங்கி, தெருவுல பந்தல் போட்டிரலாம்."

"எங்க தெருவுல ரெண்டு சைக்கிள் எதிரெதிரா வர முடியாது மாப்ள. கல்யாணத்துக்கெல்லாம் இன்சூரன்ஸ் இருக்குன்னு சொன்னியே?"

"இருக்கு. ஆனா நடந்து முடிஞ்ச சங்கடத்துக்குக் கிடைக்காது. அடுத்த கல்யாணத்துக்கு வேணா இப்பவே போட்டுக்கலாம்."

"எனக்கு ஒரே மகடா."

"அப்ப உங்க அறுபதாங் கல்யாணத்துக்கு?"

டைரியின் கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டியிருக்கிறேன். எந்தெந்த வழியில் போகலாம், எதை எவ்வளவு நம்பலாம், பத்துக்கு இத்தனை என்று. இன்சூரன்ஸுக்குப் பூஜ்யம் போட்டேன். டீக்காசு அவன் கொடுத்ததால் கால் மார்க் சேர்த்தேன்.

ஜூலை 22, புதன் (ஆடி 6)

போலீஸ் ஸ்டேஷன். வெள்ளைச் சட்டை போட்டுப் போனேன். மரியாதையாகத்தான் உட்கார வைத்தார்கள். ரைட்டர் கேட்டார்: "ஏமாத்தணும்னு செஞ்சாரா, கவனிக்காம செஞ்சாரா?"

"ஏமாத்தணும்னுதான்."

"அதுல அவருக்கு என்ன லாபம்? உங்க பணத்துக்கு வேற ஒரு நாள் இருக்கேங்க. ரெண்டு பேருகிட்டயும் ஒரே வாடகைதான வாங்குறாரு?"

இதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. சிவில் விவகாரம், வக்கீலைப் பாருங்கள் என்று சொல்லி, மனு வாங்கிக்கொண்டதற்கு ரசீது கொடுத்தார்கள். "இதையாவது பத்திரமா வைங்க சார்" என்றார் ரைட்டர். நான் வரும்போதே என் கதை உள்ளே வந்துவிட்டது போலிருக்கிறது.

நம்பகம்: மூன்று. அதுவும் வெள்ளைச் சட்டைக்கு.

வீட்டுக்கு வந்தால் செண்பகவல்லி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"லாக்கருக்குப் போயிட்டு வந்தேன். நகை இருக்கு" என்றாள்.

நானும் ஒரு கட்டு எடுத்து ஆய உட்கார்ந்தேன். வெயில்முத்துவின் சம்சாரம் இவளோடு ஒரே மகளிர் குழுவில் இருப்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

ஜூலை 24, வெள்ளி (ஆடி 8)

வக்கீல் சண்முகக்கனி. பாத்திரக்கடை மாடியில் ஆபீஸ். கீழே யாரோ அண்டாவைத் தட்டித் தட்டிப் பார்க்க, மேலே வக்கீலம்மா சட்டம் பேசினார்.

"மண்டபம் வேணுமா அண்ணாச்சி, நஷ்டஈடு வேணுமா? அதை முதல்ல சொல்லுங்க. ரெண்டுக்கும் பாதை வேற."

"மண்டபந்தான் வேணும்."

"அப்ப நுகர்வோர் ஆணையத்தைத் தள்ளி வைங்க. அங்க பணம் கிடைக்கலாம். கிடைக்கிற அன்னைக்கு உங்க பேரனுக்கு மொட்டை போட்டுட்டு இருப்பீங்க. சிவில் கோர்ட்ல தடை கேக்கலாம், அந்தம்மா அன்னைக்கு அங்க கல்யாணம் நடத்தக் கூடாதுன்னு. ஜட்ஜ் ரெண்டு பேர் பேப்பரையும் கேப்பாரு. அந்தம்மாகிட்ட ரசீது இருக்கா?"

"இருக்கு."

"உங்ககிட்ட?"

'லாக்கர்ல' என்பது பல் வரைக்கும் வந்துவிட்டது. பழக்கம். "தொலைஞ்சிருச்சும்மா."

"அப்ப எழுத்துல இருக்குறது அந்த நோட்டு ஒண்ணுதான். அது உங்களுக்கு எதிரா இருக்கு. ரசீது இருந்தா பத்துக்கு ஆறுன்னு சொல்லுவேன். இல்லாட்டி ஒண்ணரை."

"அரை எதுக்கும்மா?"

"நான் பேசுறதுக்கு."

ஆக என் கட்டத்தைப் போலவே இவரும் மார்க் போடுகிறவர். எனக்கு உடனே மரியாதை வந்துவிட்டது. கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறதாம். வழக்குப் போடும் முன்பே இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவார்கள். கட்டணம் இல்லை. ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அதுவே தீர்ப்பு மாதிரி, பிறகு மாற்ற முடியாது. "ஆனா ஒண்ணு. அங்க யாரு சரி, யாரு தப்புன்னு சொல்ல மாட்டாங்க. என்ன செய்யலாம்னுதான் பேசுவாங்க. உங்களுக்கு அது போதுமா?"

போதும் என்று சொன்னேன். பொய். எனக்கு யார் தப்பு என்பதும் வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு நோட்டீஸ் விடுவது வழக்கமாம். டைப் அடித்து வந்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். மூன்று ஒற்றுப்பிழை. பிறகு 'தங்களது கவனக்குறைவால்' என்று இருந்ததை 'தாங்கள் உள்நோக்கத்துடன்' என்று மாற்றச் சொன்னேன். வேண்டாமே என்றார். நான்தானே கட்சிக்காரன் என்றேன். முகூர்த்தத் தேதிக்கு 'ஆகஸ்ட்' என்று அடித்து இடம் விட்டிருந்தார்கள். நானே 27 என்று எழுதினேன். ஏழுக்கு நடுவில் ஒரு கோடு இழுப்பது என் வழக்கம், அப்போதுதான் ஒன்றோடு குழம்பாது. எங்கள் ஆபீஸில் எனக்கு மட்டும்தான் அந்தப் பழக்கம்.

"என்ன சார், ஏழுக்கு ஒட்டியாணம் போட்டிருக்கீங்க?" என்றது ஜூனியர் பெண்.

எல்லோரும் சிரித்தோம். கீழே அண்டா விற்றுப்போயிற்று.

ஜூலை 28, செவ்வாய் (ஆடி 12)

நோட்டீஸ் போய்ச் சேர்ந்துவிட்டது. மண்டப முதலாளி மதுரையில் இருக்கிறார். அவர் போனில் கத்தியது மயில்தோகை வாசல் வரைக்கும் கேட்டது என்று பூக்காரம்மா சொன்னாள். பூக்காரம்மா சொல்வதில் பாதியைத் தள்ளினாலும் ஹால் வரைக்கும் கேட்டிருக்கும்.

சாயங்காலம் வெயில்முத்து வீட்டுக்கே வந்துவிட்டார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். செண்பகவல்லி காபி கொடுத்தாள். என் டம்ளரைவிட அவர் டம்ளர் பெரிது.

"முதலாளி சம்பளத்துல புடிப்பேங்கறாரு. புடிக்கட்டும். 'உள்நோக்கம்'னு எழுதிட்டீகளே அண்ணாச்சி. பத்தொம்பது வருசமா அந்தச் சாவி என் இடுப்புல கெடக்கு. ஒரு கரண்டி காணாமப் போனதில்ல."

"நான் எழுதல. வக்கீல் எழுதுனது."

"சரி. அன்னைக்கு எனக்குக் கண் ஆபரேஷன் முடிஞ்சு, எழுத்து மங்கலாத் தெரிஞ்சதா, வர்றவுகளையே..."

அந்த நேரம் பார்த்துத் தண்ணி மோட்டார் போட வேண்டியிருந்தது. எழுந்து போய்விட்டேன். தொட்டி நிறைய இருபது நிமிஷம் ஆகும். திரும்பி வரும்போது அவர் போய்விட்டிருந்தார். செண்பகவல்லி முழுக் கதையையும் கேட்டிருக்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது.

"அந்த ரசீதை யாரு எழுதுனா?"

"மேனேஜர்தான்."

"நெனச்சுப் பாத்துச் சொல்லுங்க."

"எனக்குப் புரூஃப் கெடக்கு."

உண்மையிலேயே கிடந்தது. ஐப்பசி மாதம் முழுக்க.

ஆகஸ்ட் 18 என்பதை அடித்து, ஆகஸ்ட் 3, திங்கள் (ஆடி 18)

இன்று எங்கள் ஊருக்குப் பெரிய நாள். ஆடிப் பதினெட்டில்தான் அடுத்த வருஷக் காலண்டர் மாதிரி ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிடுவோம். கேசரி, சுண்டல், எங்கள் முதலாளி கையால் ஆளுக்கு ஒரு ஈரிழைத் துண்டு. "இந்த வருஷமும் காளிராஜன் கண்ணுல ஒரு பிழை தப்பல" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். எனக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டாம் தடவை சொல்லும்போது கொஞ்சம் குறைந்தது.

மேலே தேதியை அடித்துத் திருத்தியிருப்பதற்கு விளக்கம் தேவையில்லை. காலையிலிருந்து நூறு பேர் ஆடிப் பதினெட்டு, ஆடிப் பதினெட்டு என்று காதில் ஓதினால் யாருக்கும் கை ஆகஸ்ட் பதினெட்டு என்றுதான் போகும். இதெல்லாம் பிழையில் சேர்த்தியே இல்லை.

ஆகஸ்ட் 6, வியாழன் (ஆடி 21)

ராஜபாளையத்திலிருந்து சம்பந்தி பேசினார். மூன்று பஸ் சொல்லியாகிவிட்டதாம். "மண்டபத்துல ரூம் எத்தனைங்க?" என்றார். ஏழு என்றேன். இன்றைய தேதிக்கு ஒன்றுகூட இல்லை என்பதைச் சொல்லவில்லை.

மகள் இளவேணி லேபிலிருந்து வந்து, வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் முன்னால் நின்றாள். ரத்தம் எடுக்க வந்த மாதிரியே இருந்தது.

"அப்பா, இன்னும் இருபத்தோரு நாள் இருக்கு. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு எல்லாருக்கும் ஓட்டல்ல சாப்பாடு போட்டிரலாமா?"

"பத்திரிகை கொடுத்தாச்சேம்மா."

"பத்திரிகைய விடுங்கப்பா. எனக்கு அன்னைக்குக் கல்யாணம் நடக்குமான்னு தெரியணும். அவங்க வீட்டுல கேக்குறப்ப நான் பொய் சொல்ல வேண்டியிருக்கு. எனக்கு உங்க அளவுக்கு வரல."

கடைசி வாக்கியத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பாராட்டு இல்லை என்பது மட்டும் தெரிகிறது.

ஆகஸ்ட் 10, திங்கள் (ஆடி 25)

நான் கட்டம் கட்டி மார்க் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் செண்பகவல்லி ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு நேரே ரெத்தினத்தம்மாள் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டாள். துணைக்கு நான். "நீங்க வாயத் தொறக்காம வந்தா போதும்."

நான் வில்லி மாதிரி ஒரு அம்மாளை எதிர்பார்த்துப் போனேன். அவரோ எங்களைப் பார்த்ததும் அழுதுவிட்டார். இரண்டு வாரமாகத் தூக்கமில்லையாம். யாரோ கேஸ் போட்டு மகன் கல்யாணத்தை நிறுத்தப் போகிறார்கள் என்று தெருவெல்லாம் பேச்சாம். யாரோ என்றால் நான். வாய் திறக்கக் கூடாது என்ற உத்தரவு அப்போது வசதியாக இருந்தது.

"உங்களுக்கு முகூர்த்தம் எப்பங்க்கா?" என்றாள் செண்பகவல்லி.

"பத்தரைலருந்து பன்னெண்டு."

"எங்களுக்கு ஏழரைலருந்து ஒம்பது."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரு பழைய காலண்டர் தாளைத் திருப்பி வைத்துப் பென்சிலால் எழுத ஆரம்பித்தார்கள். எத்தனை மணிக்கு மேடை காலி, யாருக்கு எந்த ரூம், யாருக்கு எந்தப் பந்தி. எங்கள் சாப்பாடு பதினொன்றேகாலுக்குள் முடிய வேண்டும். அவர்கள் ஆட்கள் பத்து மணிக்கு மேல்தான் உள்ளே வருவார்கள். இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. காபி ஆறக்கூட இல்லை.

"ஆனா எழுத்துல வேணும்மா. வாய்ப்பேச்சை நம்பி மணமேடை ஏற முடியாது" என்றார் ரெத்தினத்தம்மாள்.

இந்த வழிக்கு என் டைரியில் கட்டமே இல்லை. ஓரத்தில் புதிதாக ஒன்று வரைந்தேன். என்ன பெயர் போடுவது என்று தெரியாமல் 'வாழைப்பழம்' என்று எழுதியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 13, வியாழன் (ஆடி 28)

சட்டப் பணிகள் குழு. மேஜைக்கு அந்தப் பக்கம் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர், இந்தப் பக்கம் நாங்கள் எல்லோரும். முதலாளி மதுரையிலிருந்து காரில் வந்திருந்தார். வெயில்முத்து பின்னால் நின்றார். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார்.

பெண்கள் போட்ட பென்சில் தாளை நீதிபதி வாங்கிப் படித்தார். "இதுல நான் செய்யறதுக்கு ஒண்ணும் இல்லையே" என்றார். பிறகு வாடகையைப் பற்றிப் பேசினார்கள். இரண்டு வீட்டாரும் ஆளுக்குப் பாதி கொடுத்தால் போதும் என்று முதலாளி ஒத்துக்கொண்டார். காபி வந்தது. எல்லோரும் சிரித்துப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அங்கேயே நான் நிறுத்தியிருக்கலாம். "மேனேஜரின் கவனக்குறைவால் இந்நிலை ஏற்பட்டது என்று ஒரு வரி சேர்க்கணும்" என்றேன்.

"அது அவசியமா?" என்றார் நீதிபதி.

"அவசியம்ங்க."

மேஜைக்கு அடியில் சண்முகக்கனி என் காலை மிதித்தார். நல்ல அழுத்தமான மிதி. செண்பகவல்லி ஜன்னலைப் பார்த்தாள். வெயில்முத்து, "ஐயா, அன்னைக்கு என் கண்ணு..." என்று எழுந்தார். "கண்ணு சரியில்லாட்டி லீவு போட்டிருக்கணும்யா" என்றேன். முதலாளி தலையாட்டினார்.

"அந்தப் புள்ள கல்யாணம் நடக்கட்டுங்க. போடுறேன்" என்று வெயில்முத்து பேனாவை வாங்கினார்.

டைப் அடித்ததில் 'கவணக்குறைவு' என்று இருந்தது. மூன்று சுழி ண. விடுவேனா, திருத்திக் கொடுத்தேன். திருத்திய இடத்துக்குப் பக்கத்தில்தான் அவர் கையெழுத்து.

வெளியே புளியமரத்தடியில் ஸ்கூட்டரை எடுக்கும்போது பக்கத்தில் வந்தார். "அண்ணாச்சி, என்னைக்காச்சும் அந்த ரசீது கெடச்சா ஒரு வார்த்தை சொல்லுங்க. எதுக்கும் இல்ல. எனக்குத் தெரிஞ்சுக்கணும்."

கட்டாயம் என்றேன்.

நம்பகம்: ஒன்பதரை. மனசுக்குத் தெம்பாக இருந்தது. கால் மட்டும் வலிக்கிறது.

ஆகஸ்ட் 17, திங்கள் (ஆவணி 1)

மண்டப முதலாளி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டாராம். 'நீயே எழுதிக் கொடுத்திருக்கே' என்று, இந்த மாதக் கடைசியோடு வெயில்முத்துவை நிற்கச் சொல்லிவிட்டார். மகளிர் குழு வழியாக வந்த செய்தி.

"வேற எங்கயாவது வேலை கிடைக்கும்" என்றேன்.

"அறுபத்திரெண்டு வயசுலயா?"

சாம்பாரில் உப்பு இல்லை. கேட்கவில்லை. சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 20, வியாழன் (ஆவணி 4)

மீதிப் பத்திரிகை கொடுத்து முடிந்தது. பட்டுப்புடவை பிளவுஸ் தையல்காரியிடம் இரண்டு நடை. பெரியகுளத்துப் பெரியப்பா பெயரைப் பத்திரிகையில் விட்டுவிட்டோம் என்று கோபம். நான் புரூஃப் பார்த்த பத்திரிகைதான். ஆனால் பெயர்ப் பட்டியல் கொடுத்தது நான் இல்லை.

ஆகஸ்ட் 27, வியாழன் (ஆவணி 11)

8.12-க்குத் தாலி. நல்லபடியாக நடந்தது. இளவேணி மேடையிலிருந்து என்னைப் பார்த்து ஒரு தடவை சிரித்தாள். போதும்.

ஒன்பதேகாலுக்குச் சாம்பார் சாதம் சாப்பிட்ட முதல் கல்யாணம் இது. இருந்தும் இரண்டாம் பந்தியில் மூன்று தடவை பாயசம் கேட்டது யார் என்று எழுதப் போவதில்லை.

வெயில்முத்து கழுத்தில் ஒரு விசில் மாட்டிக்கொண்டு நின்றார். ஒன்பது ஐம்பதுக்கு ஊதினார். எங்கள் பெயர்ப் பலகை இறங்கி, அவர்கள் பெயர்ப் பலகை ஏறி, மேடைப் பூ மாறி, நாற்காலி துடைத்து, எல்லாம் பதினோரு நிமிஷம். ரெத்தினத்தம்மாள் வாசலில் நின்று எங்கள் ஆட்களுக்கும் சேர்த்துச் சந்தனம் கொடுத்தார். இரண்டு வீட்டு மொய் நோட்டும் மாறாமல் இருக்க ஒன்றுக்குச் சிவப்பு அட்டை, ஒன்றுக்குப் பச்சை அட்டை போட்டதும் அவர்தான்.

எனக்கு வியர்த்துக் கொட்டுவதைப் பார்த்து வெயில்முத்து ஒரு சொம்பில் தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக் குடித்தேன். "நீங்க சாப்டாச்சா?" என்றேன். "ரெண்டு கல்யாணமும் முடியட்டும் அண்ணாச்சி" என்றார்.

ஆகஸ்ட் 31, திங்கள் (ஆவணி 15)

இன்று ஆபீஸுக்குத் திரும்பினேன். கொண்டுபோன அதிரசம் பத்தே நிமிஷத்தில் காலி. முதலாளி மொய்யோடு ஒரு பேனாவும் கொடுத்தார்.

மத்தியானம் பழைய புரூஃப் கட்டுகளைப் பிரித்து எடைக்குப் போடச் சொன்னார்கள். மே மாதம் நான் பார்த்த கட்டு. அடுத்த வருஷத்து ஆவணி மாதம். பாதியில் நிறுத்தின இடத்துக்கு அடையாளமாக ஒரு தாள் செருகியிருந்தது. அது கவிழ்ந்து கிடந்தது. கார்பன் தலைகீழாக இருந்ததால் எழுத்தெல்லாம் பின்பக்கத்தில் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திரும்பி விழுந்திருந்தது. எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஈய எழுத்துக் கோர்த்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவன், திரும்பின எழுத்தை நேர் எழுத்தைவிட வேகமாகப் படிப்பேன்.

காளிராஜன். ஆவணி 27.

வெயில்முத்து நோட்டில் எழுதுவது சாய்ந்த எழுத்து, கோழி நடந்த மாதிரி. இது நிமிர்ந்து நிற்கிறது. தாளைத் திருப்பினால் ரசீது எண் 418. வெளிச்சத்தில் பிடித்து மறுபடி பார்த்தேன். இப்போது மணி மூன்றேகால். அவர் சாவிக்கொத்தை ஒப்படைப்பது ஐந்து மணிக்கு.

ஏழுக்கு ஒட்டியாணம் இருக்கிறது.